இயேசுவுக்கு நெருக்கமாக இருப்பது என்றால் என்ன? சீஷத்துவ வகுப்பில் வரையும் வட்டங்களும் அவற்றுக்குள் அடங்காதவர்களும்

சீஷத்துவப் பயிற்சிகளில் அடிக்கடி வரும் ஒரு படம் உண்டு. நடுவில் இயேசு, அவரைச் சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று, இப்படியே போய் வெளியே ஜனக்கூட்டம். ரொம்ப உள்ளே ஒருவர், அடுத்து மூவர், அடுத்து பன்னிருவர், அப்புறம் எழுபது பேர். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்: "நீங்கள் எந்த வட்டத்தில் இருக்கிறீர்கள்?" இதைக் கேட்டுக் குழம்புகிறவர்கள் இரண்டு வகை. ஜெபத்தில் தனக்கு எதுவும் தோன்றுவதில்லை, அதனால் நான் வெளிவட்டம்தான் என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் ஒரு வகை. ஒன்றிரண்டு அனுபவங்களை வைத்துத் தாங்கள் உள்வட்டம் என்று நம்பத் தொடங்குகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையால்தான் மற்றவர்களுக்குச் சேதம் அதிகம். அதைப் பிறகு பார்ப்போம்.

படம் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது, சுவிசேஷங்களில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதே சுவிசேஷங்களில் அந்தப் படத்துக்குள் அடங்காத ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நெருக்கம் என்று வேதம் எதைச் சொல்கிறது என்பது பிடிபடும்.

சீஷன் என்பவர் யார்

முதல் நூற்றாண்டு யூதச் சமூகத்தில் ஒரு போதகரின் சீஷன் என்றால் பாடம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாணவன் அல்ல. அவரோடு நடப்பான், அவருக்குப் பணிவிடை செய்வான், அவர் எப்படி ஜெபிக்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், தன்னை எதிர்க்கிறவரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழி மரபுத் தொகுப்பான மிஷ்னாவில், ஞானிகளின் காலடிப் புழுதியில் இரு, அவர்கள் சொல்லைத் தாகத்தோடு குடி என்ற பொருளில் ஒரு பழைய அறிவுரை வருகிறது. பவுல் தான் கமாலியேல் என்ற யூதப் போதகரின் பாதத்தருகே கற்றதாகச் சொல்வது (அப்போஸ்தலர் 22:3) இந்த வழக்கத்தைத்தான். பெத்தானியா மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்ததையும் (லூக்கா 10:39) இப்படியே படிக்க வேண்டும். நாம் அதைப் பக்தியான ஒரு காட்சியாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அது மாணவர் உட்காரும் இடம்.

இயேசு இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு இரண்டு விஷயங்களை மாற்றுகிறார்.

1. பொதுவாக மாணவன்தான் போதகரைத் தேடிப் போவான். இங்கே அவரே கூப்பிடுகிறார். "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" (யோவான் 15:16). ஆக, நெருக்கம் நாம் முயன்று சம்பாதித்து உள்ளே நுழைகிற இடமாகத் தொடங்கவில்லை.

2. கற்று முடித்த மாணவன் ஒரு நாள் போதகராகித் தனக்கென்று சீஷர்களைச் சேர்த்துக்கொள்வான். இயேசு அந்தக் கதவை அடைத்துவிடுகிறார்: ரபீ என்று அழைக்கப்படாதிருங்கள், கிறிஸ்து ஒருவரே உங்கள் போதகர், நீங்கள் எல்லாரும் சகோதரர் (மத்தேயு 23:8). அவரிடம் படித்து முடித்து வெளியேறியவர் என்று யாரும் கிடையாது.

பன்னிருவரை ஏற்படுத்தும் இடத்தில் மாற்கு சொல்லும் வரிசையையும் கவனிக்க வேண்டும் (மாற்கு 3:14). அவர்கள் அவரோடுகூட இருக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் பிரசங்கம் பண்ண அனுப்பப்பட வேண்டும். வேலை இரண்டாவது. பிறகு எருசலேமில் பேதுருவையும் யோவானையும் விசாரித்த ஆலோசனைச் சங்கத்தாரும் இதையேதான் கண்டார்கள். இவர்கள் படிப்பறியாதவர்கள், ஆனால் இயேசுவுடனேகூட இருந்தவர்கள் என்று அறிந்துகொண்டார்கள் (அப்போஸ்தலர் 4:13).

வட்டங்களும் வட்டத்துக்கு வெளியேயும்

படத்துக்கான ஆதாரங்கள் சுருக்கமாக: லூக்கா 10இல் எழுபது பேர் அனுப்பப்படுகிறார்கள் (சில கையெழுத்துப் பிரதிகளில் எழுபத்திரண்டு). பன்னிருவர் எல்லாருக்கும் தெரியும். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் மூன்று இடங்களில் தனியாக அழைத்துப்போகப்படுகிறார்கள்: யவீருவின் மகளை எழுப்பும்போது, மலைமேல் மறுரூபமாகும்போது, கெத்செமனேயில். கடைசி இராப்போஜனத்தில் ஒருவர் இயேசுவின் மார்பிலே சாய்ந்திருக்கிறார்.

சரி, இப்போது படத்தில் இல்லாதவர்கள்.

1. கலிலேயாவிலிருந்து கூடவே பயணம் செய்த பெண்கள். மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் என்று லூக்கா பெயர் சொல்கிறார் (8:2, 3). தங்கள் சொத்தைச் செலவு செய்து அந்தப் பயணத்தைத் தாங்கியவர்கள் அவர்கள். சிலுவையண்டையில் நின்றவர்களிலும், கல்லறைக்கு முதலில் போனவர்களிலும் இந்தக் குழுவினர் இருக்கிறார்கள். பன்னிருவரில் பெரும்பாலோர் ஓடிப்போன நேரம் அது. இவர்களை எந்த வட்டத்தில் போடுவது? படம் வரைகிறவர்கள் அநேகமாக இதைக் கேட்பதே இல்லை.

2. மார்த்தாள், மரியாள், லாசரு. இயேசு இவர்களிடத்தில் அன்பாயிருந்தார் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது (யோவான் 11:5). பன்னிருவரில் ஒருவரும் இல்லை. வீட்டை விட்டு வந்து ஊர் ஊராகச் சுற்றியதாகவும் சொல்லப்படவில்லை.

3. கதரேனர் நாட்டில் பிசாசு பிடித்திருந்து குணமான மனிதன் (மாற்கு 5). என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிக முக்கியமான சாட்சி இவன்தான். இயேசு படகில் ஏறும்போது, உம்மோடுகூட இருக்க என்னை விடும் என்று கெஞ்சுகிறான். மாற்கு 3இல் பன்னிருவருக்குக் கொடுக்கப்பட்ட அதே காரியத்தைத்தான் இவன் கேட்கிறான். இயேசு அனுமதிக்கவில்லை. வீட்டுக்குப் போ, உன் ஜனங்களிடம் போய்ச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவனும் தெக்கப்போலி என்ற அந்தப் பகுதி எங்கும் போய்ச் சொல்கிறான். அதே அதிகாரத்தில் ஊர்க்காரர்கள் இயேசுவைத் தங்கள் எல்லையை விட்டுப் போகச் சொல்லிக் கேட்டபோது அவர் போய்விட்டார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரட்டியவர்கள் கேட்டது நடந்தது, கூட வருகிறேன் என்றவன் கேட்டது நடக்கவில்லை. இவன் குறைந்தவன் என்று மாற்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வட்டங்கள் அன்பின் அளவுகோல் ஆக முடியாது. அவை ஒரு பொறுப்புக்கான பயிற்சியைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். பன்னிருவர் சாட்சிகளாக ஆக வேண்டியவர்கள். அதனால்தான் யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது, யோவான்ஸ்நானன் ஞானஸ்நானம் கொடுத்த நாள்முதல் கூடவே இருந்தவர் வேண்டும் என்று பேதுரு நிபந்தனை வைக்கிறார் (அப்போஸ்தலர் 1:21, 22). யார் அதிகப் பரிசுத்தம் என்ற தேர்வு அங்கே நடக்கவில்லை.

உள்வட்டத்து மூவர்தான் என்ன செய்தார்கள்? கெத்செமனேயில் விழித்திருங்கள் என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் அவர் திரும்பி வந்தபோதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பே யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் (மாற்கு 10). நெருக்கத்தை வரிசையாகப் பார்க்கிற புத்தி உள்வட்டத்துக்குள்ளேயே பிறந்தது. உயிர்த்தெழுந்த பிறகும் அது போகவில்லை. பேதுரு திரும்பிப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று மற்றச் சீஷரைக் காட்டிக் கேட்கிறார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதுதான் பதில் (யோவான் 21:22).

மார்பில் சாய்ந்திருந்தவர் என்ன செய்தார்

யோவான் 13இல் வரும் விருந்தை நாற்காலி போட்ட மேஜையாகக் கற்பனை செய்தால் பாதி விஷயம் புரியாமல் போகும். அந்தக் காலத்து விருந்துகளில் தாழ்வான பந்தியைச் சுற்றி மெத்தையில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருப்பார்கள், வலது கை சாப்பிட, கால்கள் வெளிப்பக்கம். அப்படி இருக்கும்போது ஒருவரின் வலதுபக்கம் இருக்கிறவர் சற்றே பின்னால் சாய்ந்தால் அவர் தலை பக்கத்திலிருப்பவரின் மார்பருகே வரும். மெதுவாக ஒன்று கேட்டால் மற்றவர்களுக்குக் கேட்காது. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னபோது பேதுருவுக்கு அந்த இடம் இல்லை, அதனால் தூரத்திலிருந்து சைகை காட்டுகிறார்: யாரைப்பற்றிச் சொல்கிறார் என்று கேள்.

அந்தச் சீஷருக்குச் சுவிசேஷம் பெயர் சொல்லவில்லை. 2ஆம் நூற்றாண்டுச் சபைத் தலைவர் இரேனியு முதல் சபை மரபு அவரை யோவான் என்றே சொல்லிவருகிறது. இன்றைய ஆய்வாளர்களில் சிலர் ஏற்பதில்லை. இங்கே நமக்கு முக்கியம் அவர் பெயரல்ல, அந்த நெருக்கத்தை வைத்து அவர் என்ன செய்கிறார் என்பது.

1. பேதுருவுக்காகக் கேள்வி கேட்கிறார். தனக்குக் கிடைத்த இடத்தை இன்னொருவருக்குப் பயன்படுத்துகிறார்.

2. சிலுவையருகே நிற்கிறார், அங்கே அவருக்குத் தரிசனமோ வல்லமையோ கிடைக்கவில்லை, பராமரிக்க ஒரு தாய் கிடைக்கிறார். அந்நேரமுதல் மரியாளைத் தம்மிடமாய் ஏற்றுக்கொள்கிறார் (19:27).

3. கல்லறைக்குப் பேதுருவை முந்தி ஓடுகிறார், ஆனால் உள்ளே முதலில் போகவில்லை.

4. கடற்கரையில் நிற்பது யார் என்று படகிலிருந்து முதலில் கண்டுகொள்பவர் அவர்தான். கண்டுகொண்டதும் பேதுருவிடம் "அவர் கர்த்தர்" என்கிறார் (21:7). தண்ணீரில் குதித்துப் போவது பேதுரு.

ஒவ்வொரு இடத்திலும் நெருக்கத்தின் பலன் இன்னொருவர் கைக்குப் போகிறது. அவர் தன்னைப்பற்றி எங்கேயும் ஒன்றும் பேசுவதில்லை. இதை ஒரு மாதிரி என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான், மார்பில் சாய்ந்திருக்கும் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டாகப் பாடினால் போதாது.

யூதாசும் பக்கத்தில்தான் இருந்தான்

அதே பந்தியில் இயேசு துணிக்கையைத் தோய்த்து யூதாசுக்குக் கொடுக்கிறார். கை எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறான். மறுபக்கம் அவன்தான் சாய்ந்திருக்க வேண்டும் என்று கருதும் விளக்கவுரையாளர்கள் உண்டு. பணப்பை அவனிடம் இருந்தது, அதாவது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தான். காட்டிக்கொடுத்ததும் ஒரு முத்தத்தால். இடத்தின் நெருக்கத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கேதான் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அருகில் இருப்பது ஒன்று, அருகில் இருப்பதாக உணர்வது இன்னொன்று, அவர் விரும்புவதை விரும்பத் தொடங்குவது மூன்றாவது. முதலாவது யூதாசுக்கு இருந்தது. சபையில் பிறந்து வளர்வது, பாடகர் குழுவில் நிற்பது, முழுநேர ஊழியம் எல்லாம் இந்த முதல் வகையில்தான் சேரும். உம்முடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோமே, பிசாசுகளைத் துரத்தினோமே என்று வருகிறவர்களிடம் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று சொல்லப்படுகிறது (மத்தேயு 7:23). அற்புதங்கள் நடக்கவில்லை என்று அங்கே அவர் மறுக்கவே இல்லை. பிதாவின் சித்தத்தைச் செய்தாயா என்பது மட்டும்தான் அங்கே கேட்கப்படுகிறது.

அவர் போன பிறகு எப்படிக் கூட இருப்பது

இன்று யாரும் அவரோடு ஒரே பந்தியில் சாய்ந்திருக்க முடியாது. இதை ஒரு இழப்பாக நினைப்பது இயல்பு. ஆனால் "நான் போகிறது உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும்" என்று அவரே சொல்கிறார் (யோவான் 16:7). காரணம் பரிசுத்த ஆவியானவர். சரீரத்தில் இருந்தவரை ஒரு நேரத்தில் ஒரு ஊரில்தான் இருக்க முடிந்தது, வலதுபக்கம் ஒருவருக்குத்தான் இடம். ஆவியானவர் வந்த பிறகு அந்த இட நெருக்கடி இல்லை. வட்டப் படத்தின் எண்களை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாததற்கு இதுவே பெரிய காரணம்.

"என்னில் நிலைத்திருங்கள்" என்ற யோவான் 15 தான் இதற்கு அடிப்படைப் பகுதி. திராட்சச்செடி, கொடி என்ற உவமை எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் நிலைத்திருப்பது என்றால் என்ன செய்வது என்று அதே அதிகாரம் விளக்குவதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவருடைய வார்த்தைகள் நமக்குள் நிலைத்திருப்பது (வசனம் 7), அவர் கற்பனைகளைக் கைக்கொள்வது (10), ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது (12). சிநேகிதர் என்று அழைப்பதற்கும் காரணம் சொல்கிறார்: எஜமான் செய்வது வேலைக்காரனுக்குத் தெரியாது, பிதாவினிடத்தில் கேட்டதையெல்லாம் உங்களுக்கு அறிவித்தேன் (15). சிநேகம் என்பது அவர் மனதிலிருப்பது தெரிந்து நடப்பது. யோவானின் முதல் நிருபம் இதைக் குறுக்கிச் சொல்லிவிடும்: அவருக்குள் நிலைத்திருக்கிறேன் என்று சொல்லுகிறவன் அவர் நடந்தபடியே நடக்க வேண்டும் (2:6).

அப்படியானால் தனிஜெபம், தியானம், திருவிருந்து எல்லாம் எதற்கு? இயேசுவே அதிகாலையில் வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35), அதனால் இவை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இவை வழிகள். ஒரு மணி நேரம் ஜெபித்தேன் என்பது நெருக்கத்தின் அளவு ஆகாது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கர்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், ஜெபநேரத்துக்கும் பாத்திரங்களோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கும் தமக்கு வித்தியாசமில்லை என்று சொன்னவர்.

எதுவும் உணராதவர்களுக்கு

உணர்வு வேண்டாத ஒன்று அல்ல. உயிர்த்தெழுந்த இயேசு கூட நடந்து வந்த எம்மாவு வழியில் இரண்டு சீஷர்களின் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஆனால் கவனியுங்கள், அது எரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நடப்பவர் யார் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. உணர்வும் அறிதலும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை.

இதில் சபை வரலாற்றுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சிலுவையின் யோவான் என்ற ஸ்பெயின் நாட்டுத் துறவி 1577 டிசம்பரில் தன் சொந்தத் துறவற சபையைச் சேர்ந்தவர்களாலேயே பிடிக்கப்பட்டுத் தொலேதோவில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்தார். பிற்பாடு அவர் எழுதியது, தேவன் விலகிப்போனதாகத் தோன்றும் இருட்டு சில நேரம் அவர் அருகே வருவதன் அடையாளம் என்று. 1997இல் இறந்த அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகமே திகைத்தது, பல பத்தாண்டுகள் தேவபிரசன்னத்தை உணராமலேயே அந்த வேலையை அவர் செய்திருக்கிறார். அவரைப் போலி என்றவர்களும் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத்தான் தெரிகிறது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் கதறியவர் யார் என்று நினைத்துப் பார்த்தால், உணர்வில்லாமை தூரத்துக்கு அத்தாட்சி என்று சொல்ல வாய் வராது.

நடைமுறைக்கு, இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியு லொயோலா (1491–1556) கொடுத்த விதி இன்றும் பயன்படுகிறது: மனம் வறண்டு கிடக்கும் நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றாதே.

நடுவில் ஒரு மனிதர் வந்து நிற்கும்போது

முதலில் சொன்ன ஆபத்து இதுதான். ஒருவர் தான் உள்வட்டம் என்று நம்பி, மற்றவர்களும் அதை நம்பிவிட்டால், அவரோடு நெருக்கமாயிருப்பதே கிறிஸ்துவோடு நெருக்கமாயிருப்பது என்று ஆகிவிடும். "ஆண்டவர் என்னிடம் சொன்னார்" என்று அவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வராது.

1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஃபோர்ட் லாடர்டேலில் தொடங்கிய மேய்ப்பர் இயக்கம் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற ஏற்பாடு, சீஷத்துவத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. பல இடங்களில் அது திருமணம், வேலை, வீடு மாறுவது வரைக்கும் மேய்ப்பரின் அனுமதி கேட்பதில் போய் முடிந்தது. பிற்பாடு அதன் தலைவர்களில் ஒருவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதற்கு எதிர்முனையில் ஜெர்மனியின் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். நாஜி ஆட்சியில் 1935 முதல் 1937இல் கெஸ்டாப்போ என்ற இரகசியப் போலீஸ் மூடும்வரை ஃபிங்கன்வால்டவில் போதகர் பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்தினார். தினமும் அரை மணி நேர மௌனத் தியானம், ஒரு வாரம் முழுக்க ஒரே வேதப்பகுதி. மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கூடவே ஒரு விதி: இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். தியானத்தையும் இந்த விதியையும் ஒரே பயிற்சியாக வைத்ததுதான் அவர் புரிதலின் ஆழம். இன்னொருவரின் ஆத்துமாவுக்கு எனக்கு நேர்வழி கிடையாது, நடுவில் கிறிஸ்து நிற்கிறார் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு

எந்த வட்டம் என்ற கேள்வியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? சுவிசேஷங்களிலிருந்தே எடுக்கக்கூடிய சில கேள்விகள் உண்டு. இவர் தனக்குக் கிடைத்ததை வைத்து யாருக்கு உதவுகிறார்? இன்னொருவருக்கு அதிகம் கொடுக்கப்படும்போது எப்படி நடந்துகொள்கிறார்? அனுமதி மறுக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அங்கேயே வேலையைத் தொடங்குவாரா? கேள்வி கேட்டவர்மேல் கோபப்படுகிறாரா? இவற்றுக்குச் சம்பந்தப்பட்டவரிடமே பதில் கேட்டுப் பயனில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடமும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களிடமும் கேட்க வேண்டும்.